மூன்று விலையில் மூன்று ஆயில் பில்டர்: எதை வாங்குவது?

கேட்டவர் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார். சர்வீஸுக்கு ஆயில் பில்டர் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்திருக்கிறார். ஒன்று கார் கம்பெனியின் பெட்டியில் வருவது, இன்னொன்று பெயர்பெற்ற பில்டர் கம்பெனி ஒன்றுடையது, மூன்றாவது பேரே கேள்விப்படாதது. மலிவானதற்கும் விலை கூடியதற்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். மெக்கானிக்கோ, "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, உள்ளே பேப்பர்தானே இருக்கு" என்கிறார். வெளியே பார்த்துத் தரம் தெரியுமா, என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

வெளியே பார்த்தால் மோசமானதை ஒதுக்கிவிடலாம். நல்லது எது என்று உறுதியாகத் தெரிய, ஓடி முடித்த பில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். இரண்டையும் சொல்கிறேன். "உள்ளே பேப்பர்தானே" என்ற பேச்சு எங்கே தப்பு என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

தேங்காய்ப்பால் பிழியும் துணி எவ்வளவு நெருக்கமான நெசவாக இருந்தாலும், ஓரத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் சக்கை பாலில் விழுந்துவிடும். ஆயில் பில்டரும் அப்படித்தான். பேப்பர் நல்லதாக இருந்தால் போதாது, ஆயில் முழுக்க அந்தப் பேப்பர் வழியாகத்தான் போயாக வேண்டும். பேப்பரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் ஆயில் அந்த வழியைத்தான் பிடிக்கும், ஏனென்றால் அங்கே தடை குறைவு. என் அனுபவத்தில் மலிவு பில்டர்கள் பெரும்பாலும் தோற்பது பேப்பரில் இல்லை, இந்த ஓரங்களில்தான்.

உள்ளே நடப்பது இதுதான். பம்ப் தள்ளுகிற ஆயில், அடித்தட்டில் வட்டமாக இருக்கும் சின்னத் துளைகள் வழியாக டின்னுக்குள் நுழைகிறது. மடிப்பு மடிப்பாக இருக்கும் பேப்பரை வெளியிலிருந்து உள்நோக்கிக் கடந்து, நடுக்குழாய்க்கு வந்து, மரை போட்ட நடுத்துளை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. இதோடு இரண்டு வால்வுகள் இருக்கும். எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் ரப்பர் வால்வு ஒன்று. பேப்பர் அடைத்துக்கொண்டாலோ குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ எஞ்சின் ஆயில் இல்லாமல் காய்ந்துவிடாதபடி திறந்துவிடும் பைபாஸ் வால்வு இன்னொன்று. பைபாஸ் திறந்திருக்கும் நேரத்தில் ஆயில் வடிகட்டாமல் போகும். வடிகட்டாத ஆயில் தேய்மானத்தைத் தரும், ஆயிலே இல்லை என்றால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். அதனால்தான் அந்த ஏற்பாடு.

முதலில் பேப்பர். பெட்டியில் "10 மைக்ரான்" (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. 10 மைக்ரான் துகளில் பாதியைப் பிடித்தாலும் அப்படி எழுதலாம், நூற்றுக்கு 99-ஐப் பிடித்தாலும் எழுதலாம். எந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதம் என்று இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது தகவல். இதை அளக்க ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சோதனை முறை இருக்கிறது. பரிசோதனைத் தூசியைக் கலந்த ஆயிலைத் திரும்பத் திரும்ப பில்டர் வழியாக ஓட்டி, போகும் துகளையும் வரும் துகளையும் கருவி எண்ணும். சில கம்பெனிகள் பீட்டா எண் என்று தருவார்கள். 20 மைக்ரானுக்குப் பீட்டா 20 என்றால், அந்த அளவும் அதற்கு மேலுமுள்ள 20 துகள்கள் போனால் 1 தப்பும், அதாவது 95 சதவீதம் பிடிபடும். பீட்டா 100 என்றால் 99 சதவீதம். நம்ம கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் இந்த எண் அபூர்வம்தான். இருந்தால் அந்தக் கம்பெனி சோதித்துப் பார்த்திருக்கிறது என்றாவது தெரியும்.

இது ஏன் முக்கியம் என்றால், எஞ்சினைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத தூசி. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும், சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே வெறுங்கண்ணுக்கு எட்டாது. பேரிங்கில் ஆயில் படலமோ சில மைக்ரான் தடிமன்தான். 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள கடினமான துகள் அந்தப் படலத்துக்குள் நுழைந்து இரண்டு பக்கத்தையும் கீறும். ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆயிலில் வேண்டுமென்றே தூசி கலந்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். 40 மைக்ரான் பில்டரோடு ஒப்பிட்டபோது 30 மைக்ரான் பில்டரில் தேய்மானம் பாதியாகக் குறைந்தது, 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது. அவ்வளவு தூசி நம்ம காரில் சேராது. ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

பேப்பர் என்று சொன்னாலும் எல்லாம் ஒரே பொருள் இல்லை. சாதாரண வகை மர நாரில் செய்தது, விறைப்புக்காகப் பிசின் ஏற்றியிருப்பார்கள். விலை கூடியதில் கண்ணாடி இழையோ, இரண்டின் கலவையோ இருக்கும். கண்ணாடி இழை மெல்லியது, ஒரே சீரானது. நுண்ணிய துகளையும் பிடிக்கும், அதிக அழுக்கையும் தாங்கும், சூட்டிலும் ஈரத்திலும் நார்ப்பேப்பர் அளவுக்கு நைந்துபோகாது. வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காக மாற்றுகிற சாதாரண பெட்ரோல் காருக்கு நல்ல நார்ப்பேப்பர் தாராளமாகப் போதும். சிந்தெடிக் ஆயில் ஊற்றி நீண்ட இடைவெளியில் மாற்றுகிறவர்கள் மற்றதைத் தேடலாம்.

மடிப்புகளை எண்ணிப் பார்த்து "இதில் அதிகம், இதுதான் நல்லது" என்று சொல்பவர்கள் உண்டு. எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது. 50 மடிப்பு, ஒவ்வொன்றும் 1.2 சென்டிமீட்டர் ஆழம், 6 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், மடிப்புக்கு இரண்டு முகம் என்பதால் 720 சதுர சென்டிமீட்டர் பேப்பர். மடிப்பு 40-தான், ஆழம் 1.5 என்றால் அதுவும் அதே 720. சின்ன டின்னில் மடிப்பை நெருக்கித் திணித்தால், முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு நடுவில் ஆயில் போக வழியில்லாமல் அந்தப் பரப்பே வீணாகும். சீரான இடைவெளியில் நேராக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சரி. எடைக்கும் இதே கதைதான். தடித்த தகட்டால் எடை கூடியிருக்கலாம், அதற்கும் வடிகட்டுவதற்கும் சம்பந்தமில்லை. ஒரே வண்டிக்கான இரண்டில் ஒன்று கையில் எடுத்ததுமே வெறும் டப்பா மாதிரி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அடுத்தது ரப்பர். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை என்று ரப்பர் மரத்தை வைத்தே பிழைக்கிற ஊர்கள் இருக்கிற மாவட்டம் இது, இங்கே ரப்பரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆனால் நாம் பால் எடுத்து ஷீட் அடிக்கிற இயற்கை ரப்பர் எஞ்சின் ஆயிலுக்கு ஆகாது. மினரல் ஆயிலில் கிடந்தால் ஊறி, உப்பி, பிசுபிசுத்து வலுவிழந்துவிடும். அதனால் பில்டரின் கேஸ்கெட்டுக்கும் (எஞ்சினோடு அழுந்தி ஆயில் கசியாமல் அடைக்கும் வளையம்) வால்வுக்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரைப் போடுவார்கள், இன்னும் உயர்ந்ததில் சிலிக்கான் இருக்கும். நைட்ரைல் ஏறக்குறைய 100 முதல் 120 டிகிரி வரை தாங்கும், சிலிக்கான் 200 டிகிரி வரைக்கும் மிருதுவாகவே இருக்கும். ஓடுகிற காரில் ஆயில் 90 முதல் 120 டிகிரி வரை போகும் என்பதால், நைட்ரைல் தன் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறது. நல்ல நைட்ரைல் ஒரு சர்வீஸ் காலம் சமாளித்துவிடும். மட்டமான கலவை அதற்கு முன்னாலேயே விறைத்து, தட்டில் படியாமல் தூக்கிக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம், நான் பலருக்குச் சொல்லும் சோதனை இது. சந்தேகப்படுகிற கம்பெனியின் பில்டர் ஒன்றிலிருந்து கேஸ்கெட்டைக் கழற்றுங்கள். விட்டத்தையும் தடிமனையும் அளந்து எழுதிவைத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் புது எஞ்சின் ஆயிலில் முக்கி, வெயில் படும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடியும் அளந்தால் அளவு கிட்டத்தட்ட மாறாமல் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து உடனே மீள வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உப்பியிருந்தாலோ, கையில் கறுப்பு ஒட்டினாலோ, அந்தக் கம்பெனிப் பக்கமே போக வேண்டாம். சோதித்த பில்டரை வண்டியில் மாட்டாதீர்கள்.

ரப்பர் வால்வை மாட்டுவதற்கு முன்பே பார்க்கலாம். அடித்தட்டின் சுற்றுத் துளைகள் வழியாக எட்டிப் பார்த்தால் ஒரு ரப்பர் வளையம் தெரியும். கறுப்பு என்றால் பெரும்பாலும் நைட்ரைல், ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் பெரும்பாலும் சிலிக்கான். நிறத்தை மட்டும் நம்ப முடியாது, எந்த ரப்பருக்கும் எந்தச் சாயமும் ஏற்றலாம். முனை மழுங்கிய சுத்தமான குச்சியால் லேசாகத் தள்ளினால் எளிதாக விலகி, விட்டதும் முழுச் சுற்றும் படிந்து உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் வேண்டாம். கடைக்காரர் அனுமதித்தால் நடுத்துளையில் மெதுவாகக் காற்றை ஊதிப் பாருங்கள். திரும்பி வரும் பாதையை வால்வு அடைத்திருக்கிறது என்றால் சுற்றுத் துளைகளில் காற்று தாராளமாக வராது.

இந்த வால்வு உங்கள் வண்டிக்கு எவ்வளவு முக்கியம் என்பது பில்டர் மாட்டியிருக்கும் விதத்தைப் பொறுத்தது. டின் கீழ்நோக்கித் தொங்கி, வாய் மேலே பார்த்திருந்தால் ஆயில் தானாகவே உள்ளே நிற்கும். படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டியிருந்தால்தான் வால்வுக்கு வேலை. வால்வு கெட்டால் இரவோடு இரவாக ஆயில் எஞ்சின் அடியில் இருக்கும் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு, வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி எஞ்சின் மேல்பகுதியில் கடகடவென்று சத்தம் வரும், ஆயில் விளக்கு அணையத் தாமதமாகும். புது பில்டர் போட்ட பிறகு இந்தச் சத்தம் தொடங்கினால், டாப்பெட் (எஞ்சின் வால்வைத் தள்ளும் பாகம்) கோளாறு என்று சொல்லி எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். முதலில் பில்டரை மாற்றிப் பாருங்கள், நூற்றுச் சொச்சம் ரூபாயோடு முடிந்துவிடலாம்.

பைபாஸ் வால்வை வெளியிலிருந்து சோதிக்க வழியில்லை. ஆனால் இதில்தான் "மரை சேர்ந்தால் போதும்" என்று மாட்டுபவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். சில எஞ்சின்களில் பைபாஸ் எஞ்சினிலேயே இருக்கும், அதற்கான பில்டரில் வால்வு இருக்காது. அந்தப் பில்டரை, வால்வு தேவைப்படுகிற எஞ்சினில் மாட்டினால், பேப்பர் அடைத்த அன்று ஆயிலுக்கு வேறு வழி இல்லை. அழுத்தத்தில் பேப்பர் கிழியும், அல்லது நடுக்குழாய் நசுங்கும். வால்வு இருக்கும் பில்டர்களிலும் திறக்கும் அழுத்தம் வண்டிக்கு வண்டி மாறும்.

மரையிலும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கார் பில்டர்களில் அதிகம் புழங்குவது இரண்டு அளவு: 20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் இடைவெளி என்ற மெட்ரிக் மரை. முக்கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 16 சுற்று என்ற மரை. முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. மெட்ரிக் பில்டரை அங்குல மரையில் போட்டால் சுழன்று ஏறிவிடும், இறுகின மாதிரியும் தோன்றும். ஆனால் பிடிப்பு மரையின் நுனியில்தான். ஓடும்போது அழுத்தம் ஏறி அது கழன்றால், எஞ்சினில் இருக்கும் ஆயில் முழுக்கச் சாலையில் கொட்டிவிடும். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வரும்போது அங்கே ஓடுகிற அதே மாடல் என்று நினைத்து பில்டர் வாங்கி வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் எஞ்சின் வேறாக இருக்கலாம். பார்ட் நம்பர் ஒத்துப்போகாமல் எதையும் மாட்டக் கூடாது.

கடையில் கையில் எடுத்ததும் அடித்தட்டைத்தான் முதலில் பாருங்கள். தட்டு தடிமனாக, வளையாமல் இருக்க வேண்டும். நடுமரையில் விரலை விட்டுச் சுற்றினால் பிசிறு தட்டக் கூடாது. மரை வெட்டிய இரும்புத் தூள் உள்ளே கிடந்தால் அதைவிட மோசமான அடையாளம் கிடையாது, ஏனென்றால் நடுத்துளை பில்டரின் சுத்தமான பக்கம். அங்கே கிடக்கும் தூளைத் தடுக்க எதுவும் இல்லை, நேராக பேரிங்குக்குத்தான் போகும். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி மரையைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். டின்னின் அடியோரம் மடித்து அழுத்திய மூட்டு ஒரே சீராக இருக்க வேண்டும். கேஸ்கெட் தன் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு டின்னின் பெயின்டும் முக்கியம். உப்புக்காற்றில் மெல்லிய பூச்சு சீக்கிரம் கொப்பளித்து, மூட்டோரத்தில் துரு ஏறும். கடையில் ஈரக்காற்று படும் அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்த சரக்கும் இப்படித்தான். பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பார்த்து, பழசு என்றால் வேறு கேளுங்கள். அடித்தட்டில் துருப்புள்ளி இருந்தால் விலை குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

சரி, டூப்ளிகேட். பெயர்பெற்ற பெட்டியில் மட்டமான பில்டர் வருவதுதான் எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் வாங்குபவர் முழு விலையும் கொடுத்து ஏமாறுகிறார். ஹாலோகிராம் இருக்கிறதா, ஸ்கேன் செய்யும் கியூ.ஆர். கோடு இருந்தால் அது கம்பெனித் தளத்துக்குத்தான் போகிறதா, எம்.ஆர்.பி. லேபிளின் எழுத்து மங்காமல் நேராக இருக்கிறதா, பெட்டியின் பார்ட் நம்பரும் டின்னின் பார்ட் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பழைய பில்டரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது: துளைகளின் எண்ணிக்கை, கேஸ்கெட் விட்டம், வால்வின் நிறம், டின்னின் எழுத்து. கம்பெனியே வடிவத்தை மாற்றுவதும் உண்டு, அதனால் வித்தியாசம் தெரிந்தால் விநியோகஸ்தரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பில் போட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் காலிப் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். முழுசாக விட்ட பெட்டிக்குள் நாளைக்கு வேறொன்று போய் உட்காரும்.

இனி வெட்டிப் பார்க்கும் விஷயம். சர்வீஸின்போது கழற்றிய பில்டரை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு இரவு கவிழ்த்து வைத்து ஆயிலை வடியவிடுங்கள். ஆக்சா பிளேடால் அறுக்காதீர்கள், அறுத்த தூளும் எஞ்சினிலிருந்து வந்த தூளும் கலந்து எது எது என்று தெரியாமல் போகும். குழாய் வெட்டுவது போன்ற சக்கரம் வைத்த பில்டர் கட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மூட்டோரத்தைத் தேய்த்துத் திறந்து, அந்தத் தூளை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே இருப்பதை எடுங்கள். தகடு கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பேப்பர் உருளை முழுசாக எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மடிப்புகள் ஒரு பக்கம் குவிந்து இன்னொரு பக்கம் இடைவெளி விட்டிருந்தால் ஆயில் அந்த இடைவெளியில்தான் ஓடியிருக்கிறது. பேப்பரின் இரண்டு முனைகள் சேரும் இடத்தில் உலோகக் கிளிப்போ பசையோ இருக்கும், அங்கே விரல் வைத்து விலக்கிப் பாருங்கள். பிரிந்து வந்தால் அந்தப் பில்டர் எத்தனை கிலோமீட்டர் சும்மா சுற்றியது என்று சொல்ல முடியாது. மேலும் கீழும் இருக்கும் மூடிகளில் பசை முழுச் சுற்றும் பிடித்திருக்க வேண்டும். மூடி தகடாக இல்லாமல் நார் அட்டையாக இருந்தால் உடனே மட்டம் என்று முடிவு செய்ய வேண்டாம். பேப்பரோடு ஒழுங்காக ஒட்டியிருந்தால் அட்டை மூடியும் தன் வேலையைச் செய்யும். நடுக்குழாய் நசுங்கியிருந்தாலோ, ரப்பர் வால்வு மடக்கினால் வெடிக்கிற அளவு விறைத்திருந்தாலோ அந்தக் கம்பெனி உங்களுக்கு வேண்டாம். எல்லாம் நேராக, இறுக்கமாக, மிருதுவாக இருந்தால் அதையே தொடர்ந்து வாங்குங்கள். எந்த விளம்பரத்தையும் விட உங்கள் எஞ்சினில் ஓடி வந்த அந்த ஒரு பில்டர் சொல்வது உண்மை.

பேப்பரை வெட்டி, விரித்து, பிழிந்து, வெள்ளைத் துணியில் பரப்பினால் எஞ்சினைப் பற்றியும் தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: செயின், ரிங், சிலிண்டர் பக்கம். செம்பு, பித்தளை நிறத்தில் மினுங்கினால் பேரிங். வெள்ளி நிறத்தில், காந்தத்துக்கு வராமல் இருந்தால் அலுமினியம். புது வண்டியின் முதல் சர்வீஸில் கொஞ்சம் மினுமினுப்பு இருப்பது இயல்பு, ஓடின வண்டியில் கூடிக்கொண்டே வந்தால்தான் கவலை. சில நேரம் ரப்பர் நூல் மாதிரி சாம்பல் நிறத் துண்டுகள் கிடக்கும். அது யாரோ சம்ப்பை மாட்டும்போது அள்ளிப் பூசிய சீலன்ட், கசிவை அடைக்கும் பசை. அதே துண்டு பம்ப்பின் சல்லடையை அடைத்தால் ஆயில் அழுத்தமே விழுந்துவிடும், மெக்கானிக்கிடம் காட்டிச் சொல்லுங்கள்.

ஆயிலின் நிறத்தை வைத்து மட்டும் பில்டரை எடை போடாதீர்கள். டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். அது புகைக்கரி, அதன் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. எந்தச் சாதாரண பில்டரும் அதைப் பிடிக்காது, அதை ஆயிலோடு மிதக்கவைத்திருப்பது ஆயிலில் கலந்த ரசாயனத்தின் வேலை.

டீசல் என்றதும் இன்னொன்று. பல டீசல் கார்களிலும் சில புதிய பெட்ரோல் கார்களிலும் டின் கிடையாது. பிளாஸ்டிக் அல்லது உலோக மூடிக்குள் பேப்பர் உருளை மட்டும் உட்காரும். இதில் தரம் பார்ப்பது எளிது, எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. மடிப்பு நேராக இருக்கிறதா, நடுத்துளை குழாயின் மேல் இறுக்கமாக ஏறுகிறதா என்று மாட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் ஓரத்தில் ஆயில் போகும். பெட்டியில் மூடிக்கான ரப்பர் வளையம், அதாவது புது ஓ-ரிங், வர வேண்டும், அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். மூடியிலேயே முறுக்கு அளவு எழுதியிருக்கும், பல வண்டிகளில் 25 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும்.

இங்கே ஏர் பில்டரையும் சொல்லியாக வேண்டும். ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக அடிக்கடி போகிறவர்கள், மணவாளக்குறிச்சி கடற்கரைச் சாலைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் முகத்தில் படும் மணலை அறிவார்கள். அந்தக் கடற்கரை மணலில் கார்னெட், சிர்கான் போன்ற கனிமங்கள் இருக்கின்றன, பேரிங் உலோகத்தோடு பார்த்தால் மிகக் கடினமானவை. பெரிய மணலை ஏர் பில்டர் நிறுத்திவிடும். அதன் பெட்டி சரியாக மூடாவிட்டால் நுண்தூசி சிலிண்டர் வழியாக ஆயிலில் சேரும். எவ்வளவு நல்ல ஆயில் பில்டரும் அந்தச் சுமையை நெடுநாள் தாங்காது.

வளைகுடாவில் இருப்பவர்களின் கார்கள் நம்ம மாவட்டத்தில் நிறைய, வருஷத்தில் பல மாதம் போர்ட்டிகோவிலேயே நிற்கும். வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். அது நல்லதில்லை. எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் எரிவதில் உண்டாகும் நீராவி ஆயிலில் தண்ணீராகத் தங்கும், நார்ப்பேப்பரும் அந்த ஈரத்தில் நைந்துபோகும். ஸ்டார்ட் செய்தால் இருபது முப்பது நிமிஷமாவது சாலையில் ஓட்ட வேண்டும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று புத்தகத்தில் இருந்தால், 2,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் ஒரு வருஷத்தில் ஆயிலும் பில்டரும் மாற்ற வேண்டும்.

கேட்டவரின் மூன்று பில்டருக்கு வருகிறேன். கார் கம்பெனிப் பெட்டி உண்மையானது என்று உறுதியானால் யோசிக்காமல் அதை வாங்குங்கள், உங்கள் எஞ்சினுக்கான வால்வு அழுத்தம் உட்பட எல்லாம் பொருந்தியிருக்கும். கார் கம்பெனிகளே பல பில்டர்களை வெளியே உள்ள பில்டர் தயாரிப்பாளர்களிடம்தான் செய்து வாங்குகின்றன. அதனால் இரண்டாவது பெட்டியில் உங்கள் வண்டிக்கான பார்ட் நம்பர் தெளிவாக இருந்து, மேலே சொன்ன பார்வையில் தேறினால் அதுவும் நல்ல தேர்வுதான். மூன்றாவதை விடுங்கள். அது கட்டாயம் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் மிச்சமாகும் பணம் அரை லிட்டர் ஆயில் விலைகூட இருக்காது, அதற்காக எஞ்சினைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டாம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய கேஸ்கெட் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேல் புதியதை மாட்டினால் இரண்டு கேஸ்கெட்டும் நழுவி ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது கேஸ்கெட்டில் புது ஆயில் தடவி, கையால் சுற்றி, கேஸ்கெட் தொட்டதும் டின்னில் எழுதியிருக்கும் அளவு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை டின் நசுங்கித்தான் கழலும். பழைய ஆயிலை மூடி போட்ட கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிற ஆளிடமே கொடுக்கச் சொல்லுங்கள். ஓடையில் ஊற்றினால் அது வாய்க்கால் வழியாகப் பழையாற்றுக்கும் வயலுக்கும்தான் போகும். ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகளில் ஆயில் விளக்கு அணைய வேண்டும். இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, டார்ச் அடித்து பில்டரின் விளிம்பைப் பாருங்கள். நிறுத்திச் சில நிமிஷம் கழித்து ஆயில் ஸ்டிக்கைப் பார்த்தால் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், பில்டர் நிறைந்ததால் வந்த குறைவு அது, அதை நிரப்புங்கள். மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அடியில் ஒரு பேப்பரை விரித்து, சொட்டு விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.